தேக்குத் தளத்தைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் நகர மையத்தில், பழைய மொகல் தெருவுக்குப் பக்கத்தில், தாத்தா காலத்துக் கட்டடம். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம். முகப்பு 25 அடி, உள்நீளம் 50 அடி. செங்கல் சுவர், தேக்கு உத்தரம், பலகைத் தளம். பின்கட்டில் மட்டும் இரும்பு கர்டருக்கு நடுவே வளைவு வளைவாகச் செங்கல். 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு படிக்கட்டுச் சுவரில் ஒரு விரிசல் கண்ணில் படுகிறது. மேஸ்திரி நான்கு வேலை சொல்கிறார்: பலகையைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் தளம், கீழே நடுச்சுவரை எடுத்துவிட்டு முழுக்கடை, மேலே வாடகைக்கு ஒரு மாடி, ஈரச் சுவருக்கு அழுத்தமான சிமெண்ட் பூச்சு. எதைச் செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

கான்கிரீட் தளம் வேண்டாம். மாடி வேண்டவே வேண்டாம். சிமெண்ட் பூச்சு கூடாது. நடுச்சுவரில் ஓரளவு திறப்பு வைக்கலாம், ஆனால் மேஸ்திரி நினைக்கிற முறையில் அல்ல. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கட்டடம் எப்படி நிற்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் தூணும் உத்தரமும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். சுவர் வெறும் மறைப்பு. உங்கள் வீட்டில் சுவர்தான் எல்லாம். செங்கல்மேல் செங்கல், நடுவே சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்துக்கு ஒட்டிப் பிடிக்கும் வலு குறைவு. மேலிருந்து இறங்கும் எடை அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் சுவர் ஒரே உடம்பாக நிற்கிறது. எடை நேராகக் கீழே இறங்கும்வரை நூறு வருடம் என்ன, இருநூறு வருடமும் நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் பிடித்துக்கொள்ள அதற்குள் எதுவும் இல்லை.

பக்கவாட்டில் இழுக்கும் பூமியில்தான் நாம் குடியிருக்கிறோம். நிலநடுக்கங்களுக்குக் காரணமான சகாயிங் நிலப்பிளவு மண்டலேயிலிருந்து தெற்கே வந்து பெகு வழியாகக் கடலுக்கு இறங்குகிறது. 1930 மே 5 இரவு பெகுவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 7.3. அங்கே ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. ரங்கூனிலும் உயிர்கள் போயின. இங்கே ஆங்கிலேயர் காலத்து அரசு அலுவலகமான செக்ரடேரியட் கட்டடத்தின் நடுக் குவிமாடம் அடிபட்டு, பிறகு அதையே இறக்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஏதோ குறைகிறதே என்று தோன்றுவது அதனால்தான். 2025 மார்ச் 28 அன்று அதே பிளவு வடக்கே உடைந்து, 7.7 அளவில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த பாங்காக்கில்கூட, கட்டிக்கொண்டிருந்த ஓர் உயரமான கட்டடம் தரைமட்டமானது. பாங்காக் மென்மையான களிமண்மேல் நிற்கும் ஊர். அந்த மாதிரி மண், தூரத்திலிருந்து வரும் மெதுவான அதிர்வைப் பெரிதாக்கிவிடும். நம் நகர மையமும் ஆற்று வண்டல்தான். 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் சதுப்பு நிலத்தைத் தூர்த்து, சூலே பகோடாவை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டார்கள். ஷ்வேடகோன் நிற்கும் மேட்டு நிலத்தின் உறுதி நம் தெருக்களில் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். எடை கூடுகிறதா? சுவர்களின் பிடிப்பு கூடுகிறதா, குறைகிறதா?

முதலில் தளம். 25 அடிக்கு 50 அடி என்றால் ஏறத்தாழ 116 சதுர மீட்டர். தேக்குச் சட்டமும் பலகையும் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. ஒரு தளம் மொத்தம் 6 டன்னுக்குள். நான்கு அங்குல கான்கிரீட் சதுர மீட்டருக்கு 240 கிலோ. ஒரு தளத்துக்கு 28 டன். அதன்மேல் சாந்து பரப்பி டைல்ஸ் ஒட்டினால் இன்னும் 14 டன். ஆறு டன் இருந்த இடத்தில் 42 டன். இரண்டு தளத்துக்கும் சேர்த்து 72 டன் புதிதாக ஏறுகிறது. நிலம் ஆடும்போது பக்கவாட்டு விசை எடையைப் பொறுத்தே வரும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட, பழைய சுவர்களைப் பக்கவாட்டில் கூடுதலாகத் தள்ளப் போவது 14 டன். அதைத் தாங்கச் சுவருக்குள் நீங்கள் எதையும் சேர்க்கவில்லை.

'கான்கிரீட் போட்டால் எல்லாம் இறுகிக்கொள்ளுமே' என்று மேஸ்திரி சொல்வார். இத்தாலியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். பழைய கல் வீடுகளில் மரத்தளத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவதை நல்ல பழுதுபார்ப்பு என்று பல வருடம் செய்தார்கள். 1997இல் உம்பிரியா, மார்க்கே பகுதிகள் குலுங்கியபோது அப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் கனத்த தளம் முழுசாக நின்றது, அடியிலிருந்த பலவீனமான சுவர் நொறுங்கியது. இன்னொரு தொல்லையும் உண்டு. கான்கிரீட்டை உட்கார வைக்கச் சுவரைச் சுற்றிலும் வெட்டிக் காடி எடுப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் நாலரை அங்குலம் வெட்டினால் அந்த மட்டத்தில் மிச்சம் பாதிச் சுவர்தான்.

உங்கள் தேக்கு அப்படியொன்றும் கெட்டுப்போயிருக்காது. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குக் கப்பலில் போன அதே பர்மாத் தேக்கு அது. வைரம் பாய்ந்த நடுப்பகுதி லேசில் உளுக்காது. உளுத்தால், சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் ஆறேழு அங்குலத்தில்தான் உளுக்கும், ஏனென்றால் சுவரின் ஈரம் அங்கேதான் தங்கும். ஒவ்வொரு முனையையும் பாருங்கள். கூரான தமரூசியால் குத்திப் பாருங்கள், எளிதாக இறங்கினால் மரம் போய்விட்டது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது மொத்தென்று சொல்லும். கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு நீட்டலாம், அல்லது சுவரோரம் இரும்புச் செருப்பு வைத்து அதில் உட்கார வைக்கலாம். நாற்பது சட்டத்தில் ஆறு கெட்டிருந்தால் ஆறுக்குத்தான் வேலை. மீதி முப்பத்து நான்கைப் பெயர்த்து விற்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், பழைய தேக்கின் விலையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தை நல்ல விதமாக உறுதிப்படுத்த வேண்டுமானால் இதைச் செய்யுங்கள். பலகைக்கு மேல் முக்கால் அங்குல பிளைவுட் பரப்பி, நெருக்கமாகத் திருகு போட்டு, தளம் முழுவதையும் ஒரே தட்டாக்குங்கள். பிறகு அந்தத் தட்டைச் சுவரோடு கட்டுங்கள். நான்கடிக்கு ஒன்றாக இரும்புக் கம்பி, சுவரின் வெளிப்பக்கம் தாங்கு தகடு, உள்பக்கம் சட்டத்தோடு போல்ட். சட்டங்கள் சுவருக்கு இணையாக ஓடும் முன், பின் பக்கங்களில்தான் இது மிக முக்கியம். அங்கே முகப்புச் சுவரைப் பிடித்திருப்பது எதுவுமே இல்லை. தெருப்பக்கம் சாயும் சுவர் அதுதான். ஏறும் எடை சதுர மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோ, கிடைக்கும் பிடிப்போ கான்கிரீட் தளம் தருவதைவிட நம்பத்தக்கது. செலவும் குறைவு. உச்சியில் உள்ள கைப்பிடிச் சுவரையும் அலங்கார முகட்டையும் பின்னாலிருந்து இரும்புச் சாய்கால் வைத்துக் கூரைச் சட்டத்தோடு கட்டுங்கள். நிலநடுக்கத்தில் முதலில் விழுவது அவைதான். விழுவதும் நடைபாதையில் டீக்கடை முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல். இருக்கும் பணத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யச் சொல்வேன்.

இனி நடுச்சுவர். 25 அடி அகலத்துக்கு ஒரே தேக்குச் சட்டம் போட மாட்டார்கள். பன்னிரண்டரை அடியில் நடுச்சுவர் எழுப்பி, இரண்டு பக்கச் சட்டங்களையும் அதன்மேல் உட்கார வைத்திருப்பார்கள். அப்படியானால் கட்டடத்தின் எடையில் பெரும்பங்கு அந்தச் சுவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்குகிறது. தோராயமாகக் கணக்குப் போட்டேன்: மேலே இரண்டு தளமும் அதில் வாழும் ஆட்களும் சாமான்களும், கூரை, இரண்டு மாடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் சுவர், எல்லாம் சேர்ந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு ஐந்தரை டன். பத்தடித் திறப்பு வைத்தால் பதினாறு, பதினேழு டன் அந்தரத்தில் நிற்கும். ஐம்பது அடியும் எடுப்பதானால் எண்பது டன்னுக்கு மேல். 'கீழே ஒரு கர்டர் கொடுத்துவிடலாம்' என்பது பாதிப் பேச்சு. கர்டர் கொடுத்தால் அதன் இரண்டு முனையிலும் எடை குவியும். அது வரை ஐம்பது அடிக்குப் பரவி இறங்கிய எடை இரண்டே புள்ளியில் இறங்கினால், அங்கே செங்கல் நசுங்காதா? அடியில் அஸ்திவாரம் அந்த இடத்தில் மட்டும் அமிழாதா? கர்டரின் அடியில் புதுத் தூண், தூணின் அடியில் புது அஸ்திவாரம் என்று வேலை மண் வரை போக வேண்டும்.

இன்னொன்று: நீள வாக்கில் ஆடும்போது கட்டடத்தைப் பிடித்து நிறுத்தும் மூன்று சுவரில் நடுச்சுவரும் ஒன்று. கீழ்த்தளத்தில் மட்டும் அதை எடுத்தால், மேலே மூன்று கால், கீழே இரண்டு கால் என்றாகிவிடும். தரைத்தளம் கடைக்காகத் திறந்து கிடக்க, மேலே கனமாக இருக்கும் கட்டடம் ஆடினால் கீழ்த்தளத்தில்தான் மடியும்.

ஆகவே என் யோசனை, மூன்று இடத்தில் ஆறடி ஏழடித் திறப்பு, நடுநடுவே நல்ல அகலமான சுவர்த்துண்டு. கடைக்காரருக்கு நடமாட அது போதும். செய்யும் முறையை மேஸ்திரியிடம் விட்டுவிடாதீர்கள். திறப்புக்கு மேலே சுவரில் சிறு ஓட்டைகள் போட்டு, குறுக்கே இரும்பு ஊசிக் கட்டைகளைச் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு தரைப்பலகையில் நிற்கக் கூடாது, கெட்டியான அடித்தாங்கி வேண்டும். மேல் மாடிச் சட்டங்களுக்கும் தனி முட்டு. அதற்குப் பிறகுதான் செங்கல்லில் கை வைக்க வேண்டும். கர்டரை ஏற்றி, ஜாக்கியால் எடையை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மிஞ்சிய இடைவெளியில் ஈரம் குறைந்த சாந்தை இறுக இடித்து நிரப்பி, அது இறுகும்வரை ஊசியை உருவக் கூடாது. ஒரு திறப்பு முடிந்து ஒரு வாரம் கழித்தே அடுத்தது. பழைய கட்டடம் இடிவது பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு அல்ல, வேலை நடக்கும்போதுதான். அந்த நாட்களில் மேலே குடியிருப்பவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வாடகை நஷ்டம் என்று பார்க்காதீர்கள்.

மேல் மாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளம், டைல்ஸ், நாலரை அங்குலச் சுவர்கள், இவை மட்டுமே 90 டன்னை நெருங்கும். அதுவும் உச்சியில், ஆட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில். மறந்துவிடுங்கள்.

பின்கட்டு வளைவுகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். எனக்கு அதுதான் கவலை. கர்டர்களுக்கு நடுவே செங்கல் வளைவு, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். வளைவு எப்போதும் வெளிப்பக்கம் உதைக்கும். நடுவில் உள்ள வளைவுகளின் உதை ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஓரத்து வளைவை எதிர்த்துத் தள்ள ஆள் இல்லாததால் கர்டரோடு கர்டரைப் பிணைத்து இழுகம்பி போட்டிருப்பார்கள். கட்டைவிரல் தடிமன் கம்பி, பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாதது போலக் கிடக்கும். ஒரு வீட்டில் பொய்க்கூரை மாட்ட வந்தவர்கள் குறுக்கே இருக்கிறதே என்று இரண்டு கம்பியை அறுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஓரத்து வளைவின் உச்சியில் விரல் நுழையும் விரிசல். அன்று இரவே முட்டுக் கொடுத்தோம். உங்கள் வீட்டில் அந்தக் கம்பிகள் இருக்கின்றனவா என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

கர்டரின் அடிப்பட்டையையும் சுரண்டிப் பாருங்கள். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஏடு ஏடாக உரிந்தால் மிச்சம் எவ்வளவு தடிமன் என்று அளக்க வேண்டும். சில கர்டர்களின் இடுப்பில் ஆலையின் பெயர் பொறித்திருக்கும். இங்கே பன்சோடான் தெருவில் உள்ள பழைய சோஃபேர் கட்டடத்துக்கு ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரிலிருந்து கர்டர் வந்தது. பெயர் கிடைத்தால் காலத்தையும் உருக்கின் வலுவையும் ஓரளவு கணிக்கலாம். வார்ப்பிரும்புத் தூண் ஏதாவது இருந்தால் வெல்டிங் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தைத் தாங்கும் அந்த இரும்பு, சூட்டில் சட்டென்று வெடிக்கும்.

ஈரத்துக்கு வருவோம். ரங்கூனில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரை. நம் முன்னோர் சுண்ணாம்புப் பூச்சு பூசியது சிமெண்ட் கிடைக்காததால் மட்டும் அல்ல. சுண்ணாம்பு மூச்சு விடும். மழையில் குடித்த நீரைப் பனிக்காலத்தில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வாயை அடைக்கும். நீர் உள்ளேயே தங்கி, சுவருக்குள் இன்னும் மேலே ஏறி, உப்பு பூத்து, செங்கல்லைத் தூளாக்கும். தேக்குச் சட்டத்தின் முனையையும் தேடிப் போகும். இரண்டு வருடத்தில் பூச்சு பலகை பலகையாக விழும், செங்கல் தோலையும் உரித்துக்கொண்டு. முதலில் கூரையையும் மழைநீர்க் குழாயையும் சரி செய்யுங்கள். சுவருக்குள் புதைத்த இறக்குக் குழாய் உடைந்திருந்தால் வெளியே புதிதாகப் போடுங்கள். ஈரம் ஒரு பருவம் காயட்டும். பிறகு சுண்ணாம்பு. 1931 கணக்கெடுப்பில் இந்த ஊர் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர். சுண்ணாம்பு அரைத்துச் சுவர் எழுப்பிய கைகளில் நம்மவர் கைகளும் நிறைய. அந்தத் தொழில் தெரிந்த வயதானவர் ஒருவராவது உங்கள் கோயில் வட்டாரத்தில் இருப்பார், விசாரியுங்கள். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் செங்கல்லோடு வரும். தண்டை வெட்டி, வெட்டிய இடத்தில் மருந்து தடவி, வேர் செத்த பிறகு சாந்து அடையுங்கள்.

பக்கத்து வீட்டையும் மறக்காதீர்கள். உங்கள் பொதுச்சுவரில் அவர்களுடைய சட்டமும் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் வெட்டினால் அவர்கள் தளம் இறங்கும். அவர்கள் இடித்துவிட்டு அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டினால் உங்கள் சுவர் துணையில்லாமல் நிற்கும். அப்படி ஒரு பேச்சு அடிபட்டால் உடனே எழுத்தில் கேளுங்கள், உங்கள் விரிசல்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

படிக்கட்டு விரிசல் புதியதா பழையதா என்று கேட்டீர்கள். உள்ளே தூசியும் பழைய சுண்ணாம்பும் படிந்திருந்தால் பழையது. விளிம்பு கூராகச் சிவந்திருந்தால் புதியது. அதைவிட முக்கியம், அது இன்னும் நகர்கிறதா என்பது. விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சம் கட்டி வைத்து, அதன்மேல் தேதி எழுதுங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் போகட்டும். கட்டி உடையாவிட்டால் சுண்ணாம்புச் சாந்து அடைத்து, இரண்டு சுவரையும் தைத்தது போல இரும்புக் கம்பி போட்டால் போதும். உடைந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

வரைபடம் இல்லையே என்று வருத்தப்பட்டீர்கள். 1941 டிசம்பரில் குண்டு விழுந்த ஊர் இது. 1964க்குப் பிறகு எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் பெட்டியோடு கப்பல் ஏறின. காகிதம் யாரிடம் மிஞ்சியிருக்கும்? கட்டடத்தையே வரைபடமாகப் படிப்போம். அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, ஐந்தாறு இடத்தில் பூச்சை உரித்து, இரண்டு இடத்தில் அஸ்திவாரம் வரை குழி தோண்டி, சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தளம் தளமாக வரைந்து வாங்குங்கள். குண்டு விழுந்து பிறகு ஒட்டுப்போட்ட சுவர்த்துண்டு இருந்தால் செங்கல்லின் நிறமும் சாந்தும் காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் படம் கையில் வந்த பிறகே ரங்கூன் மாநகர வளர்ச்சிக் குழுவிடம் அனுமதிக்குப் போங்கள். அவர்களுடைய 189 பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உங்கள் முகவரி இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். சுவர் வேலை எல்லாம் நவம்பருக்குப் பிறகு.

நவம்பர் வரை காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. மேல் தளத்தில் 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அது நான்கு டன். பலகைத் தளத்தின் நடுவில், பன்னிரண்டரை அடிச் சட்டத்தின்மேல் அது நின்றால், உங்கள் கட்டடத்தில் இன்றைக்கு மிக அதிகமாக வருந்துவது அந்த நாலைந்து சட்டம்தான். இன்றே பாதிக்கு வடித்துவிடுங்கள். பிறகு அடியில் போய் நூல் பிடித்து, சட்டம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளந்து, முனைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். தொட்டியை எந்தச் சுவரோரம் நகர்த்தலாம் என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.